இயல்பு எது, நோய் எது: பெண் பிறப்புறுப்பை அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறதா?" என்ற கேள்வியைத் திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண்கள் மருத்துவரிடம்கூடக் கேட்பதில்லை. உள் உதடு வெளியே தெரிகிறது, ஒரு பக்கம் நீளமாக இருக்கிறது, நிறம் கறுத்திருக்கிறது, வெள்ளைப்படுகிறது என்று எதையாவது நினைத்துப் பல ஆண்டுகள் மனத்துக்குள் மருகுகிறார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால் அந்தக் கவலை அச்சமாகவே மாறிவிடுகிறது. இப்படி அஞ்சப்படுபவற்றில் பெரும்பாலானவை நோயே அல்ல. இன்னொரு புறம், மாதவிலக்கு அடியோடு நின்று சில ஆண்டுகள் கழித்து வந்த இரத்தக் கசிவை "உடம்புச் சூடு" என்று விட்டுவிட்டு, புற்றுநோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வரும் பெண்களும் இதே ஊர்களில் இருக்கிறார்கள். தேவையில்லாத அச்சம், தேவையான அச்சம் இல்லாமை ஆகிய இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இயல்பான உடல் எப்படியிருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஓர் அளவுகோலையே கையாளுகிறது. உறுப்பு பார்வைக்கு எப்படியிருக்கிறது என்பது பெரிதல்ல. முன்பு இருந்த நிலையிலிருந்து அது மாறியிருக்கிறதா, வலி, அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், இரத்தம் என்று ஏதேனும் தொந்தரவு தருகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் உங்கள் உடலின் வழக்கமான நிலை உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: பெயரும் இடமும்

வெளியே தெரியும் பகுதி முழுவதையும் புறப் பிறப்புறுப்பு என்கிறோம். யோனி என்பது அதற்குள்ளே கருப்பை வாய் வரை செல்லும் தசைக் குழாய் மட்டுமே. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம், ஆனால் மருத்துவரிடம் பேசும்போது அரிப்பு வெளியில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது சிகிச்சையையே மாற்றக்கூடியது.

அடிவயிற்றுக்குக் கீழே, முடி வளரும் கொழுப்பு மேடு முதலில் வருகிறது. அதன் இரு புறமும் கீழ்நோக்கி இறங்குபவை வெளி உதடுகள். இவற்றின் வெளிப்பக்கத்தில் முடி உண்டு, உள்ளே கொழுப்பு உண்டு. இவற்றுக்கு நடுவில் முடியில்லாத, மெல்லிய, ஈரப்பதமுள்ள மடிப்புகளாக உள் உதடுகள் இருக்கின்றன. உள் உதடுகள் மேலே கூடும் இடத்தில் ஒரு தோல் மூடியும், அதன் அடியில் கிளிட்டோரிஸ் என்னும் சிறு மொட்டும் இருக்கும். வெளியே தெரிவது அதன் நுனி மட்டுமே. மீதிப் பகுதி யோனியின் இரு பக்கங்களிலும் உடலுக்குள் பரவியிருக்கிறது. அதற்குக் கீழே சிறுநீர்த் துளை, அதற்கும் கீழே யோனித் துளை, பிறகு ஒரு சிறு தோல் பகுதி, கடைசியில் மலவாய். சிறுநீர் வரும் துளையும் மாதவிலக்கு வரும் துளையும் வேறு வேறு என்பதைப் பிள்ளை பெற்ற பெண்கள் சிலரே வியப்போடு கேட்டுக்கொள்வதுண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பள்ளியில் அந்தப் பாடத்தைப் புரட்டிவிட்டுப் போனவர்களின் குறை அது.

இரண்டாம் படி: கண்ணாடி வைத்துப் பார்த்தல்

மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில், குளித்து முடித்த பிறகு, தாழ்ப்பாள் போட்ட அறையில் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்கால்களை மடக்கி அகற்றிக்கொள்ளலாம். அல்லது நின்றபடி ஒரு காலைச் சிறு முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியின் விளக்கைப் பயன்படுத்துங்கள். படம் எடுக்க வேண்டாம், கைப்பேசியில் இருப்பது எந்த நேரத்தில் எவர் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் எதையும் தொடாமல் நிறம், அளவு, இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெளி உதடுகளை விரலால் விலக்கி உள் உதடுகளின் இரு பக்கங்களையும், யோனித் துளையைச் சுற்றியுள்ள பகுதியையும், மலவாய் வரையுள்ள தோலையும் பாருங்கள். கட்டியோ தடிப்போ இருக்கிறதா என்று விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். யோனிக்குள் எதையும் விட்டுப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. முதல் முறை பார்ப்பதன் நோக்கம் குறை கண்டுபிடிப்பது அல்ல, இதுதான் என் இயல்பு என்று மனத்தில் பதித்துக்கொள்வதே. பிறகு மாதம் ஒரு முறையோ, ஏதேனும் தொந்தரவு தோன்றும்போதோ பார்த்தால் மாற்றம் உடனே தெரியும்.

மூன்றாம் படி: வேறுபாடுகளைப் புரிந்துகொள்ளுதல்

அதிகக் கவலையைத் தருபவை உள் உதடுகள். அவை வெளி உதடுகளுக்குள் மறைந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ பலருக்குள் புகுந்துவிட்டது. உண்மை வேறு. லண்டனில் 50 பெண்களை அளந்து 2005-இல் வெளியான ஆய்வொன்றில், உள் உதட்டின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரையும், நீளம் 20 மில்லிமீட்டரிலிருந்து 100 மில்லிமீட்டர் வரையும் இருந்தது. கிளிட்டோரிஸின் நீளம் 5 முதல் 35 மில்லிமீட்டர் வரையும், யோனியின் ஆழம் 6.5 முதல் 12.5 சென்டிமீட்டர் வரையும் வேறுபட்டன. வெறும் 50 பேருக்குள்ளேயே ஒருவருக்கு இருப்பதைப் போல ஏழு மடங்கு இன்னொருவருக்கு இருந்தது என்றால், "சரியான அளவு" என்று ஒன்றைச் சொல்வதற்கு அடிப்படையே இல்லை. இருவர் காது மடல் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஒருவரின் இரண்டு காதுகளேகூட அச்சில் வார்த்ததுபோல் இருப்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

ஆகவே உள் உதடு வெளியே நீண்டு தெரிவதும், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பதும், விளிம்பு சுருங்கி மடிந்திருப்பதும், சிலருக்கு உள் உதடு இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறிதாக இருப்பதும் இயல்பே. உதடு நீண்டிருப்பதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசுவது அறிவில்லாத பேச்சு. பருவமடையும் காலத்து ஹார்மோன்களும் மரபும் தீர்மானிப்பதை உடலுறவோ வேறெதுவோ தீர்மானிப்பதில்லை. சைக்கிள் ஓட்டும்போது உராய்ந்து வலிக்கிறது, உடை பட்டுப் புண்ணாகிறது என்பது போன்ற உண்மையான தொந்தரவு இருந்தால் மகளிர் மருத்துவரிடம் பேசலாம். தோற்றத்துக்காக மட்டும் அறுத்துச் சிறிதாக்கிக்கொள்ளும் சிகிச்சையை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தழும்பு, வலி, உணர்விழப்பு ஆகியவை அதனால் வரக்கூடியவை. உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதுப் பெண்களுக்கு அது அறவே வேண்டாம்.

அடுத்தது நிறம். பிறப்புறுப்பும் தொடை இடுக்கும் உடலின் மற்றப் பகுதிகளைவிடக் கறுத்திருப்பது, சிவந்த மேனிக்காரர்கள் உட்பட, பெரும்பாலான பெண்களுக்கு உள்ளதுதான். மேற்சொன்ன லண்டன் ஆய்விலும் 50 பேரில் 41 பேருக்குச் சுற்றியுள்ள தோலைவிட அந்தப் பகுதி கறுப்பாகவே இருந்தது. பருவமடையும்போதும் கர்ப்ப காலத்திலும் ஹார்மோன்களால் நிறம் இன்னும் அடர்கிறது, அழுக்கினால் அல்ல. இதை வெளுக்கச் செய்வதாக விற்கப்படும் கிரீம்களில் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். மெல்லிய தோலுள்ள அந்த இடத்தில் தடவினால் தோல் மேலும் மெலிந்து புண்ணாகும். ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஒருசேர, தடித்து, வெல்வெட் துணிபோலக் கறுத்திருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அப்போது வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை, கிரீம் அல்ல.

கண்ணாடியில் உற்றுப் பார்க்கும்போது சில புள்ளிகள் திடுக்கிட வைக்கும். உள் உதட்டில் மணல் தூவினாற்போல வெளிர்மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். யோனித் துளையைச் சுற்றி, இரு பக்கமும் ஒரே சீராக, மிக மென்மையான சிறு விரல்கள் போன்ற முனைகள் வரிசையாக இருந்தால் அதுவும் இயல்பான அமைப்பே; இதைப் பால்வினை மருக்கள் என்று தவறாக எண்ணிச் சுட்டு எடுத்த கதைகளும் உண்டு. மருக்கள் அப்படிச் சீராக இரா. அங்கொன்றும் இங்கொன்றுமாக, சொரசொரப்பாக, பல ஒன்று சேர்ந்து பூக்கோசுபோல வளரும். முடி வேர்களில் சிறு கொப்புளங்கள் சவரம் செய்த பிறகு வரக்கூடியவை. முடியை எடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். உடல்நலத்துக்கு அதை எடுத்தாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வெள்ளைத் திட்டு இரண்டு வகையில் வரும். அரிப்பில்லாமல் தோலின் நிறம் மட்டும் போயிருந்தால் அது பெரும்பாலும் வெண்புள்ளி. தொற்றாது, யாருக்கும் பரவாது. தோல் வெளுத்து, காகிதம்போல மெலிந்து, தாங்க முடியாத அரிப்போடு உள் உதடுகள் சுருங்கிக்கொண்டே வந்தால் அது வேறு நோய். முறையான களிம்பால் கட்டுப்படுத்தக்கூடியது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றாகவும் மாறக்கூடும் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கன்னிச்சவ்வைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த ஒரு மெல்லிய மடிப்பை வைத்துப் பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்தது போதும். அது யோனித் துளையை மூடிய திரை அல்ல. துளையின் ஓரத்தில் வளையமாகவோ, பிறை வடிவிலோ, ஓரம் நெளிநெளியாகவோ, நடுவில் ஒரு பட்டையோடோ இருக்கும் மீள்தன்மையுள்ள மடிப்பு அது. சிலருக்குப் பிறவியிலேயே இருப்பது தெரியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். பலருக்கு உடலுறவுக்குப் பின்னும் கிழியாமல் அப்படியே இருக்கும். முதல் இரவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம். அதைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டவளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மனித உரிமை, மகளிர் அமைப்புகளும் 2018-இல் கன்னித்தன்மைப் பரிசோதனை எங்கும் நடக்கக்கூடாது என்று கூட்டாக அறிவித்தன. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களிடம் செய்யப்பட்டுவந்த இரு விரல் பரிசோதனையை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை செய்து, அதைச் செய்பவர் நடத்தை விதிகளை மீறிய குற்றத்துக்கு ஆளாவார் என்று தீர்ப்பளித்தது. எனவே கல்யாணத்துக்கு முன் பெண்ணை அழைத்துப்போய் "பார்த்துச் சொல்லுங்கள் டாக்டரம்மா" என்று கேட்பது அறிவியலுக்கும் பொருந்தாது, மனித மதிப்புக்கும் பொருந்தாது.

இந்தச் சவ்வு உண்மையில் மருத்துவப் பிரச்சினையாவது, அரிதாகச் சிலருக்குத் துளையே இல்லாமல் மூடியிருக்கும்போதுதான். மார்பு வளர்ந்து, மற்றப் பருவ மாற்றங்களும் வந்து, மாதம்தோறும் அடிவயிற்று வலி வந்துபோகிறது, ஆனால் மாதவிலக்கு மட்டும் வரவில்லை என்றால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. சிறிய அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும். ஏறக்குறைய 5,000 பெண்களில் ஒருவருக்குக் கருப்பை வளராமலும் யோனி குட்டையாகவும் பிறவியிலேயே அமைவதுண்டு. வெளித் தோற்றத்தில் எந்த வேறுபாடும் தெரியாது, வலியும் இராது. ஆகவே 15 வயது முடிந்தும் பெண் வயதுக்கு வரவில்லை என்றால் "வரும்போது வரட்டும்" என்று காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு இது தெரியவந்து ஒரு பெண் புகுந்த வீட்டில் பழி சுமப்பதைவிட, பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துகொண்டு தேறுவது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: வெள்ளைப்படுதலை அறிதல்

"எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது", "வெட்டைச் சூடு" என்று டெல்டாக் கிராமங்களில் சொல்வார்கள். எலும்பு உருகுவதில்லை. யோனியின் சுவரிலிருந்தும் கருப்பை வாயிலிருந்தும் ஊறும் நீரும், உதிர்ந்த செல்களும், லாக்டோபேசிலஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் சேர்ந்ததுதான் இயல்பான வெள்ளை. இந்தப் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தால், மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணின் யோனி 3.8 முதல் 4.5 வரை பி.எச். அளவுள்ள அமிலத்தன்மையோடு இருக்கிறது. நோய்க்கிருமிகள் பெருகாமல் காப்பது அந்தப் புளிப்புதான். எனவே ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 4 மில்லிலிட்டர் வரை வெள்ளைப்படுவது உடல் தன்னைத் தானே காத்துக்கொள்வதன் அடையாளம். இதனால் உடல் மெலியாது, இரத்தம் குறையாது. சோர்வும் இடுப்பு வலியும் இருந்தால் அவற்றுக்கு இரத்தச்சோகை, ஓய்வில்லாத வேலை என்று வேறு காரணங்கள் இருக்கும். அவற்றைத் தேட வேண்டும்.

மாதத்துக்குள்ளேயே இது மாறும். மாதவிலக்கு முடிந்த சில நாள்களுக்குக் குறைவாக இருக்கும். சுழற்சியின் நடுவில் கருமுட்டை வெளிவரும் காலத்தில் முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிந்து இழுபடும். பிறகு கெட்டியாகி வெண்மையாகும். உள்ளாடையில் காய்ந்தால் இளமஞ்சளாகத் தெரிவதும் இயல்பே. கர்ப்ப காலத்தில் அளவு கூடும். லேசான புளித்த வாடையும் இருக்கலாம்.

நோய் என்றால் அடையாளம் மாறும். தயிர்த் திப்பிகள் போல வந்து, கடுமையான அரிப்பும் சிவப்பும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அது மறுபடி மறுபடி வந்தால் இரத்தச் சர்க்கரையை உடனே பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பது முதன்முதலில் இப்படித் தெரியவருவதும் உண்டு. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் கவிச்சி வாடையோடு வந்தால் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகிவிட்டன என்று பொருள். பச்சை கலந்த மஞ்சளாக, நுரையோடு, எரிச்சலும் சேர்ந்து வந்தால் பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அதற்குக் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. இரத்தம் கலந்து, கெட்ட நாற்றத்தோடு, நீராக வழிவது கருப்பை வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்பதால், மருந்துக் கடையில் அறிகுறியைச் சொல்லி ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது சரியல்ல. கர்ப்பிணிகள் அப்படி வாங்கவே கூடாது.

ஐந்தாம் படி: வயதோடு வரும் மாற்றங்கள்

பிறந்த பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் யோனியிலிருந்து வெள்ளையோ சிறிது இரத்தமோ வரலாம். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடலை விட்டு விலகுவதால் வருவது, தானே நின்றுவிடும். மிகச் சிறு வயதில் உள் உதடுகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. சிறுநீர் தடையில்லாமல் போனால் பெரும்பாலும் தானாகப் பிரிந்துவிடும், வீட்டில் யாரும் இழுத்துப் பிரிக்கக் கூடாது. ஆணா பெண்ணா என்று தோற்றத்தில் தெளிவாகச் சொல்ல முடியாமல் பிறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அட்ரினல் சுரப்பிக் கோளாறால் முதல் இரண்டு வாரங்களில் வாந்தியும் நீர்ச்சத்து இழப்பும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் உடனடிப் பரிசோதனை தேவை. ஆனால் உறுப்பின் தோற்றத்தைச் "சரிசெய்யும்" அறுவைச் சிகிச்சைக்கு அவசரமே இல்லை: 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை ஒட்டி, உயிர் காக்கும் நிலை தவிர மற்ற நேரங்களில் ஊடுபால் குழந்தைகளுக்கு அத்தகைய அறுவை செய்வதைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் தடை செய்தது.

மஞ்சள் நீராட்டு முடிந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிலக்கு முறை தவறி வருவது வழக்கம். முதல் மாதவிலக்குக்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளைப்படுவதும் வழக்கம்தான்.

பிரசவத்துக்குப் பின் யோனித் துளை முன்புபோல இருப்பதில்லை; தையல் போட்ட இடத்தில் தழும்பு இருக்கும், நிறம் அடர்ந்திருக்கும். இவை இயல்பு. தும்மும்போது சிறுநீர் கசிவதும், "அடி இறங்கியதுபோல" கனமாக உணர்வதும், ஏதோ ஒன்று வெளியே தட்டுப்படுவதும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்ததன் அடையாளம். பெண்கள் பலர் கருப்பை இறக்கத்தைப் பிள்ளை பெற்றவர்களின் தலையெழுத்தாக எடுத்துக்கொண்டு துணியைச் சுருட்டி வைத்தே காலம் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளைச் சுருக்கி, சில நொடிகள் நிறுத்தி, தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை செய்தால் தொடக்க நிலையில் நல்ல பலன் உண்டு. முற்றிய நிலைக்கு உள்ளே பொருத்தும் வளையமும் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன. பிரசவித்த உடலோடு பாரம் சுமப்பதையும், குனிந்தே நடவு நடுவதையும் சில வாரங்களாவது தள்ளிப்போட வீட்டார் விட வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உதடுகள் மெலியும், முடி உதிரும், யோனி வறண்டு எரியும், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். இது வயதின் இயல்பு என்றாலும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்கு நிவாரணம் தருகிறது. ஆனால் மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் அது இயல்பு அல்ல.

ஆறாம் படி: அன்றாடப் பராமரிப்பு

யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. வெளிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவினாலே போதும். சோப்பு வேண்டுமென்றால் வெளி உதடுகளுக்கு வெளியே மட்டும் போடுங்கள். கிருமிநாசினி, மஞ்சள் கரைத்த நீர், எலுமிச்சைச் சாறு, நறுமணப் பொடி, வாசனைத் திரவம் எதையும் உள்ளே செலுத்தாதீர்கள். மேலே சொன்ன அமிலத்தன்மையை அவை கெடுத்து, எந்த நாற்றத்துக்கு அஞ்சினீர்களோ அதையே கொண்டுவந்துவிடும். கழுவும்போது கை முன்னிருந்து பின்னாகவே போக வேண்டும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை தொடங்கினால், பெண்கள் காலையிலிருந்து நண்பகல் வரை சேற்றுநீரில் குனிந்து நிற்கிறார்கள். வயல்வெளியில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து, சிறுநீரையும் அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இதைவிட நேர்வழி இல்லை. புறப்படும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை வரப்பிலேயே வைத்து, நடவுக்குழுவாகச் சேர்ந்து மறைவிடம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்வது நடக்கக்கூடியதே. நடவுக்கு ஆள் அழைக்கும் மிராசுதாரர்கள் இதற்கு ஏற்பாடு செய்வது கூலி கொடுப்பதைப் போன்ற கடமை. வீடு திரும்பியதும் நனைந்த பாவாடையை மாற்றி, தொடை இடுக்கைத் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. ஈரம் போகாத உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் படர்தாமரைக்கு இடம் கொடுக்கும். மாதவிலக்குத் துணியைப் பிறர் பார்ப்பார்கள் என்று சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாமல் வெயில் வரும் நேரத்தில் நேரடி வெயிலில் போடுங்கள். மழை விடாவிட்டால் அந்த மாதத்துக்காவது நாப்கினுக்கு மாறுங்கள். துணியோ நாப்கினோ, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். படர்தாமரை வந்துவிட்டால், பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைக் கடையில் வாங்கித் தடவாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கியதுபோலத் தோன்றும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போய், தோல் மெலிந்து வரிவரியாக வெடித்து, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாது.

ஏழாம் படி: எப்போது, எங்கே, எப்படிக் காட்டுவது

மாதவிலக்கு நின்ற பின் இரத்தம், உடலுறவுக்குப் பின் இரத்தம், ஆறாத புண், வளரும் கட்டி, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், காய்ச்சலோடு அடிவயிற்று வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுக்கு உடனே செல்லுங்கள். யோனித் துளையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு புறமாக வலியோடு வீங்கிச் சிவந்தால் சுரப்பி ஒன்று அடைத்துச் சீழ் பிடித்திருக்கும். ஊசியால் குத்தாமல் மருத்துவமனையில் கீறிவிடச் சொல்லுங்கள். உடலுறவின்போது தொடர்ந்து வலித்தாலும் அது சொல்லத்தக்க நோய்க்குறியே. பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை அல்ல.

தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான முன்னோடித் திட்டம் 2007-இல் தொடங்கப்பட்டபோது, தேனியோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் நம் தஞ்சாவூர். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளுத்தால் புற்றுநோய் என்று பொருளல்ல, அடுத்த பரிசோதனை தேவை என்று மட்டுமே பொருள். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்த பலன் தரும்.

முதலில் கிராமச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பேசுங்கள். மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமென்றால் தஞ்சாவூர் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையும், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104 என்ற எண்ணில் பேசி வழி கேட்கலாம்.

போகும் முன் நான்கு செய்திகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: தொந்தரவு தொடங்கிய நாள், கடைசி மாதவிலக்கு வந்த தேதி, ஏற்கெனவே போட்ட மருந்துகள், சர்க்கரை நோய் உண்டா இல்லையா. "கீழே ஒரு மாதிரியா இருக்கு" என்று நிறுத்திவிடாமல், "வெளி உதட்டில் அரிப்பு, பத்து நாளாக, தயிர்போல வெள்ளை" என்று சொன்னால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். மாமியாரோ கணவரோ உடன் வந்திருந்தாலும் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆண் மருத்துவர் பார்த்தால் பெண் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்கலாம், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். கொடுத்த மருந்தை அரிப்பு நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். முழுவதும் முடித்தும் குறையவில்லை என்றால், அதே மருந்தைக் கடையில் மறுபடி வாங்காமல், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள்.